ஐஎஃப்சி எக்ஸ்போர்ட்: அந்த செட்டிங் பெட்டியில் இருப்பதெல்லாம் என்ன?

ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளில் மாடல் தயார். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் டெக்லாவில் வேலை செய்கிறார், கான்ட்ராக்டர் ஆபீசில் நேவிஸ்வொர்க்ஸ், குவான்டிட்டி எடுப்பவரிடம் வேறு ஏதோ மென்பொருள். மூன்று பேரும் கேட்பது ஒன்றுதான், "ஐஎஃப்சி அனுப்புங்க". ஃபைல், எக்ஸ்போர்ட், ஐஎஃப்சி என்று போய் ஓகே கொடுத்தால் கோப்பு வந்துவிடும், எந்த வியூவரிலும் திறக்கும், கட்டடமும் பார்க்க அப்படியே இருக்கும். அதனாலேயே புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பலர் அந்தப் பெட்டியில் இருக்கும் 'மாடிஃபை செட்டப்' பட்டனை ஒரு தடவைகூட அழுத்திப் பார்ப்பதில்லை. அழுத்தினால் வரிசையாக டேப்கள், ஒவ்வொன்றிலும் டிக் பெட்டிகள், பழக்கமில்லாத பெயர்கள். அவற்றில் முக்கியமானவை என்ன செய்கின்றன என்று இங்கே எழுதுகிறேன். ரெவிட்டை வைத்துச் சொல்கிறேன். ஆர்க்கிகேட்டில் இதே விஷயங்கள் 'ஐஎஃப்சி டிரான்ஸ்லேட்டர்' என்ற பெயரில் இருக்கும், மற்றவற்றிலும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும்.

ஐஎஃப்சி என்றால் என்ன என்பது தெளிவாகிவிட்டால் மீதி சுலபம். ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பில் கோடு இருக்கும், அது சுவரின் கோடா மேஜையின் கோடா என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஐஎஃப்சி கோப்பில் "இது சுவர், இரண்டாம் தளத்தில் இருக்கிறது, வெளிச்சுவர், இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும், இதற்குள் இந்தக் கதவு இருக்கிறது" என்று ஒவ்வொரு பொருளைப் பற்றியும் எழுதியிருக்கும். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வடிவம் இது. 1994-ல் ஆட்டோடெஸ்க் கூட்டிய அமெரிக்க நிறுவனங்களின் குழுவில் பேச்சு தொடங்கியது, இப்போது பில்டிங்ஸ்மார்ட் என்ற சர்வதேச அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது, 2013-ல் இதன் நான்காம் பதிப்பு ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் சர்வதேசத் தரமாக வந்தது. நேரம் கிடைத்தால் ஒரு சின்ன ஐஎஃப்சி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துதான். முதல் வரியில் ஐஎஸ்ஓ-10303-21 என்று இருக்கும், கொஞ்சம் கீழே எந்தப் பதிப்பு என்று ஒரு வரி, அப்புறம் # குறியும் எண்ணுமாக ஆயிரக்கணக்கான வரிகள், ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் ஒரு சுவர், ஒன்றில் அந்தச் சுவரின் ஒரு குணம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் எக்ஸ்போர்ட் பற்றிய பயம் பாதி போய்விடும்.

அப்படியென்றால் எக்ஸ்போர்ட் என்பது 'சேவ் ஆஸ்' மாதிரி கிடையாது. ரெவிட் தனக்குத் தெரிந்ததை இன்னொரு அகராதியில் இருக்கும் சொற்களுக்கு மாற்றி எழுதுகிறது. எதை எழுதுவது, எந்தச் சொல்லில் எழுதுவது, எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதைத்தான் செட்டிங்குகள் தீர்மானிக்கின்றன. இதற்குப் பொதுவான சரியான பதில் கிடையாது, வாங்கிக்கொள்கிறவர் அந்தக் கோப்பை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது. கிளாஷ், அதாவது பொருள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கிறவருக்கு வடிவமும் இடமும் துல்லியமாக வேண்டும், ஆனால் சுவருக்கு என்ன பெயின்ட் என்ற விவரம் வேண்டாம். குவான்டிட்டி எடுக்கிறவருக்கு அளவுகளும் மெட்டீரியலும் வேண்டும். எனர்ஜி கணக்குப் போடுகிறவருக்கு அறைகளும் அவற்றின் எல்லைகளும் வேண்டும். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன்பு அவருக்கு ஒரு போன் போட்டு, "இதை எதில் திறப்பீங்க, திறந்து என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு மிச்சப்படுத்தும் நேரத்தை எந்த டிக் பெட்டியும் மிச்சப்படுத்தாது.

சரி, பெட்டிக்குள் போவோம். முதலில் வருவது பதிப்பு. 2எக்ஸ்3 என்பது ஏறக்குறைய இருபது ஆண்டுப் பழசு, ஆனாலும் எல்லா மென்பொருளும் அதைப் படிக்கும் என்பதால் இன்றும் நிறையப் பேர் அதையே கேட்கிறார்கள். அடுத்து ஐஎஃப்சி4. அதற்கும் அடுத்த 4.3 பாலம், சாலை, ரயில் பாதை, துறைமுகம் வரை விரிந்து 2024-ல் ஐஎஸ்ஓ தரமாக வந்திருக்கிறது. கட்டட வேலையில் இருக்கும் தொடக்கக்காரர் அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். பதிப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டு 'கோஆர்டினேஷன் வியூ 2.0', 'ரெஃபரன்ஸ் வியூ', 'டிசைன் டிரான்ஸ்ஃபர் வியூ' என்று வரும். பெயரைப் பார்த்து ரெவிட்டில் இருக்கும் வியூ என்று நினைத்துவிடக் கூடாது. முழு அகராதியிலிருந்து எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கான பெயர் அது. 2எக்ஸ்3 என்றால் கோஆர்டினேஷன் வியூ 2.0 எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஃப்சி4 என்றால் ரெஃபரன்ஸ் வியூ. அதாவது வாங்குபவர் நம் மாடலைப் பார்ப்பார், அளப்பார், மோதல் கண்டுபிடிப்பார், ஆனால் மாற்ற மாட்டார். டிசைன் டிரான்ஸ்ஃபர் வியூ, எதிராளி தன் மென்பொருளில் திறந்து தொடர்ந்து வரையலாம் என்ற எண்ணத்தில் உருவானது. அதை நம்பி "ஆர்க்கிகேட்டில் திறந்து மீதியை வரைந்துகொள்ளுங்கள்" என்று யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சுவர் சுவராகப் போய்ச் சேரும், ஆனால் அதை இழுத்து நீட்டும் வசதி முழுசாகப் போய்ச் சேராது. மாடலுக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் அதை மாற்ற வேண்டும், மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். ஐஎஃப்சி நன்றாக வேலை செய்வது இந்த ஏற்பாட்டில்தான்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, இதற்கான செட்டிங் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இல்லை. ரெவிட்டில் ஒவ்வொரு பொருளும் ஒரு கேட்டகரியில் இருக்கிறது, ஐஎஃப்சியில் அதற்கு ஒரு வகை உண்டு. வால் என்றால் சுவர், ஸ்ட்ரக்சுரல் ஃபிரேமிங் என்றால் பீம், ஃபுளோர் என்றால் ஸ்லாப், சீலிங் என்றால் கவரிங். பெரும்பாலும் ரெவிட்டே சரியாக மாற்றிவிடும். சிக்கல் எங்கே வரும் என்றால், நாம் ஒரு கேட்டகரியை வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கும்போது. உதாரணத்துக்கு டைல்ஸ். கான்கிரீட் ஸ்லாப் 150 மில்லிமீட்டர், அதன் மேலே டைல்ஸும் அதற்கு அடியில் இருக்கும் கலவையும் சேர்த்து 75 மில்லிமீட்டர், இதையும் ஃபுளோர் கருவியில்தான் வரைவோம், ரெவிட்டில் வேறு வழியும் அவ்வளவு வசதியாக இல்லை. எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டுமே ஸ்லாப் என்று போகும். 400 சதுர மீட்டர் தளத்தில் ஸ்லாப் கான்கிரீட் 60 கன மீட்டர். குவான்டிட்டி எடுப்பவர் "எல்லா ஸ்லாபையும் கூட்டு" என்று கேட்டால் டைல்ஸின் 30 கன மீட்டரும் சேர்ந்து 90 என்று வரும். படத்தில் எந்தத் தவறும் தெரியாது. எண்ணில் மட்டும் பாதிக்குப் பாதி ஏறியிருக்கும், அவர் கவனிக்காவிட்டால் அது அப்படியே மதிப்பீட்டுக்குள் போய்விடும்.

இதற்குத் தீர்வு, அந்த டைல்ஸ் ஃபுளோரின் டைப் பிராப்பர்ட்டீஸில் இருக்கும் 'எக்ஸ்போர்ட் டைப் டு ஐஎஃப்சி ஆஸ்' என்ற இடத்தில் கவரிங் வகையைக் கொடுத்து, அதன் உள்வகையாக ஃபுளோரிங் என்று தேர்வு செய்வது. டைப்பில் கொடுத்தால் அந்த டைப்பில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் வேறு வகை வேண்டும் என்றால் அந்தப் பொருளின் இன்ஸ்டன்ஸ் பிராப்பர்ட்டியிலும் இதேபோல ஓர் இடம் இருக்கிறது. இதே கதைதான் ஜெனரிக் மாடல் கேட்டகரிக்கும். அவசரத்தில் லிப்ட் குழி, தண்ணீர்த் தொட்டி, ஏதோ ஒரு பீடம், எல்லாவற்றையும் ஜெனரிக் மாடலாக வரைந்து வைத்திருப்போம், அவை அத்தனையும் 'பில்டிங் எலிமென்ட் பிராக்ஸி' என்ற வகையில் போய் விழும். பிராக்ஸி என்றால் "ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை" என்று அர்த்தம். வாங்குபவர் தூண்களை மட்டும் காட்டச் சொன்னால் இவை வராது, ஸ்லாபை மட்டும் மறைக்கச் சொன்னால் இவை மறையாது. ஒரு மாடலில் பிராக்ஸி எத்தனை இருக்கிறது என்பதைப் பார்த்தே வரைந்தவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அடுத்தது இடம், அதாவது கோஆர்டினேட். ரெவிட்டில் மூன்று புள்ளிகள் உண்டு. உள்ளுக்குள் நகராமல் இருக்கும் இன்டர்னல் ஆரிஜின், கட்டடத்தின் ஒரு மூலையில் நாம் வைத்துக்கொள்ளும் புராஜெக்ட் பேஸ் பாயின்ட், நிலத்தின் உண்மையான இடத்தைச் சொல்லும் சர்வே பாயின்ட். எக்ஸ்போர்ட் பெட்டியில் எதை ஆதாரமாக எடுப்பது என்று கேட்கும், ஷேர்டு கோஆர்டினேட்ஸ் (எல்லா மாடல்களுக்கும் பொதுவான இட ஆதாரம்) என்ற தேர்வும் அதிலேயே இருக்கும். ஆர்க்கிடெக்ட் ஷேர்டு என்று கொடுத்து, ஏசி மாடல் போடுகிறவர் இன்டர்னல் என்று கொடுத்தால் இரண்டு கோப்பையும் ஒன்றாகத் திறக்கும்போது டக்ட் எல்லாம் ஊருக்கு வெளியே எங்கேயோ கிடக்கும். ஒரு மருத்துவமனை வேலையில் இதே நிலை. ஒவ்வொரு வாரமும் வந்த கோப்பை நாங்கள் கையால் நகர்த்தி, திருப்பி, கட்டடத்தின் மேல் பொருத்தினோம். அடுத்த வாரம் புதுக் கோப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான்காவது வாரம் நகர்த்தியதில் 20 மில்லிமீட்டர் விலகியிருந்தது, அன்று வந்த கிளாஷ் அறிக்கையில் பெரும்பாலானவை இல்லாத மோதல்கள், அதை நம்பி இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க பைப்பை மாற்றி வரைந்துகொண்டிருந்தார்கள். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு டிராப் டவுனை மாற்றியிருந்தால் போதும், அதைக் கேட்க எங்களுக்கு முதல் வாரத்திலேயே தோன்றவில்லை.

வேலை தொடங்கும்போதே ஒரு சைட் மாடலை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அதை லிங்க் செய்து 'அக்வயர் கோஆர்டினேட்ஸ்' மூலம் அதே ஆதாரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. ஏன் எல்லாவற்றையும் உண்மையான சர்வே எண்களிலேயே வரைந்துவிடக் கூடாது என்று கேட்கலாம். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள், சென்னையிலும் கோவையிலும் இருந்து அந்த ஊர் வேலை செய்யும் மாடலர்கள் நிறையப் பேர். அங்கே பயன்படும் எஸ்விஒய்21 என்ற சர்வே முறையில் நகர மையத்தில் ஒரு சைட்டின் எண்கள் கிழக்கே ஏறக்குறைய 30,000 மீட்டர், வடக்கே ஏறக்குறைய 30,000 மீட்டர் என்று இருக்கும். ரெவிட்டோ இன்டர்னல் ஆரிஜினிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் வரையச் சொல்கிறது, அதைத் தாண்டினால் துல்லியம் கெட்டுவிடும். ஆகவே கட்டடத்தை ஆரிஜினுக்குப் பக்கத்தில் வரைந்துவிட்டு, உண்மையான இடத்தை சர்வே பாயின்ட் வழியாகச் சொல்வதுதான் முறை. சில வியூவர்களுக்கும் பெரிய எண்கள் ஒத்துக்கொள்வதில்லை, சுவரின் விளிம்புகள் நடுங்குவது போலத் தெரியும். நெதர்லாந்தில் 'பிம் பேசிஸ் ஐஎல்எஸ்' என்று சில பக்கங்களில் ஒரு பொது ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை, ஆரம்பப் புள்ளியில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சின்னப் பொருளை வைத்து அதையும் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்வது. எல்லா மாடலிலும் அந்தப் பொருள் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தால் இடம் சரி. ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

எது எது கோப்புக்குள் போக வேண்டும் என்பதற்கு, ஐஎஃப்சிக்கென்றே தனியாக ஒரு 3டி வியூ வைத்துக்கொண்டு, 'எக்ஸ்போர்ட் ஒன்லி எலிமென்ட்ஸ் விசிபிள் இன் வியூ' என்பதை டிக் செய்யுங்கள். அந்த வியூவில் மரம், கார், மனிதர் பொம்மை, மற்றவர்களின் லிங்க் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். இதில் ஒரு விஷயம், 3டி வியூவில் அறைகள் தெரியாது என்பதால் இதை டிக் செய்தால் அறைகள் விடுபட்டுப் போகும். அறை வேண்டும் என்றால் பக்கத்திலேயே 3டி வியூவில் இருந்து அறைகளையும் எக்ஸ்போர்ட் செய்யும் டிக் இருக்கிறது, அதையும் சேர்த்துப் போட வேண்டும். ஃபேஸ் (ஏற்கனவே இருப்பது, புதிதாகக் கட்டுவது என்ற கட்டப் பிரிவு) என்பது பழைய கட்டடத்தை மாற்றிக் கட்டும் வேலைக்குத்தான் முக்கியம். ஸ்பேஸ் பவுண்டரி எனர்ஜி கணக்குக்கு மட்டும், மற்றபடி 'நன்' என்று விட்டுவிடலாம்.

பிராப்பர்ட்டி செட் டேப் கோப்பின் அளவைத் தீர்மானிக்கும் இடம். 'எக்ஸ்போர்ட் ரெவிட் பிராப்பர்ட்டி செட்ஸ்' என்பதை டிக் செய்தால் ரெவிட்டில் இருக்கும் ஒவ்வொரு பாராமீட்டரும் (விவரம் நிரப்பும் இடம்), யாருக்கும் தேவைப்படாதது உட்பட, ஒவ்வொரு பொருளோடும் ஒட்டிக்கொண்டு போகும். கோப்பு பல மடங்கு வீங்கும், திறப்பவர் தேடும் தீத்தடுப்பு விவரம் நூறு வரிகளுக்கு நடுவில் மறைந்துகிடக்கும். எதுவும் விடுபடக் கூடாது என்ற பயத்தில் இதைப் போடுகிறார்கள், என் அனுபவத்தில் இதை அணைத்து வைப்பதே நல்லது. அதற்குப் பதிலாக 'ஐஎஃப்சி காமன் பிராப்பர்ட்டி செட்ஸ்' இருக்கட்டும். சுவர் என்றால் வெளிச்சுவரா, பாரம் தாங்குமா, தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லா மென்பொருளுக்கும் தெரிந்த பெயர்களில் எழுதும். ஆனால் மாடலில் இருப்பதைத்தான் எழுதும் என்பதை மறக்காதீர்கள். சுவர் டைப்பில் 'ஃபங்ஷன்' என்பதை எக்ஸ்டீரியர் என்று வைக்காமல் விட்டிருந்தால் உங்கள் வெளிச்சுவர் அங்கே உள்சுவர் என்று போகும், எக்ஸ்போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. குவான்டிட்டிக்காக அனுப்பினால் 'பேஸ் குவான்டிட்டீஸ்' டிக் அவசியம், நீளம், பரப்பு, கனஅளவு எல்லாம் எண்களாகவே போய்ச் சேரும்.

வாடிக்கையாளர் தனியாக சில விவரம் கேட்டால், அதற்கு 'யூசர் டிஃபைன்ட் பிராப்பர்ட்டி செட்ஸ்' இருக்கிறது. ஒரு டெக்ஸ்ட் கோப்பில் செட்டின் பெயர், எந்த வகைப் பொருள்களுக்கு, அப்புறம் வரிக்கு ஒன்றாகப் பண்பின் பெயர், அது எழுத்தா எண்ணா, ரெவிட்டில் எந்தப் பாராமீட்டர் என்று எழுத வேண்டும். இடையில் டேப் அழுத்த வேண்டும், ஸ்பேஸ் அடித்தால் வேலை செய்யாது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அந்தப் பண்பு வெறுமனே காணாமல் போகும். முதல் தடவை செய்கிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. சிங்கப்பூரில் அரசு அனுமதிக்கான கோர்நெட் எக்ஸ் முறையில் ஐஎஃப்சி+எஸ்ஜி என்று கேட்கிறார்கள். எந்தப் பொருளுக்கு எந்த விவரம், எந்தப் பெயரில் என்பதை அவர்களே பட்டியலாக வைத்து, ரெவிட்டுக்கான ஷேர்டு பாராமீட்டர் கோப்பும் எக்ஸ்போர்ட் செட்டப்பும் சேர்த்துத் தருகிறார்கள். அங்கே நாம் யோசிக்க வேண்டியது செட்டிங்கைப் பற்றி அல்ல, அந்த இடங்களைச் சரியாக நிரப்புவதைப் பற்றித்தான்.

தளங்கள் விஷயமும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஐஎஃப்சியில் எல்லாம் புராஜெக்ட், சைட், கட்டடம், தளம், அதற்குள் பொருள்கள் என்று மரம் போல அடுக்கப்பட்டிருக்கும். நாமோ ரெவிட்டில் பால்ஸ் சீலிங் மட்டம், பீம் அடிமட்டம், ஜன்னல் மேல்மட்டம் என்று தோன்றியதற்கெல்லாம் லெவல் போட்டு வைத்திருப்போம். ஐந்து மாடிக் கட்டடம் எதிராளியின் திரையில் பதினெட்டு தளமாகத் தெரியும். ஒவ்வொரு லெவலிலும் 'பில்டிங் ஸ்டோரி' என்று ஒரு டிக் இருக்கிறது, உண்மையான மாடிகளுக்கு மட்டும் அதை வைத்துவிட்டு மற்றவற்றில் எடுத்துவிடுங்கள். எல்லாத் துறை மாடல்களிலும் தளத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதும் முக்கியம். கீழிருந்து மொட்டை மாடி வரை ஒரே சுவராக வரைந்திருந்தால், லெவல் வாரியாகப் பிரிக்கும் டிக் அந்தச் சுவரை தளத்துக்குத் தளம் துண்டாக்கித் தரும். மாடி வாரியாகக் கணக்கு எடுப்பவருக்கு இது பெரிய உதவி. 'லெவல் ஆஃப் டீடெய்ல்' டேபில் லோ என்று வைத்தாலே பெரும்பாலும் போதும். வளைவான குழாய்களும் கதவுக் கைப்பிடிகளும் எத்தனை சின்ன முக்கோணங்களாக உடைய வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்தில் ஓர் அடையாள எண் போகும், ஜியுஐடி என்பார்கள். மாடலைப் பார்த்துவிட்டு "இந்தப் பீம் டக்டில் இடிக்கிறது" என்று பிசிஎஃப் கோப்பில் (மாடலைப் பற்றிய குறிப்புகளை மென்பொருள்களுக்கு இடையே கொண்டுபோகும் வடிவம்) யாராவது குறிப்பு அனுப்பினால், அந்தக் குறிப்பு பீமைக் கண்டுபிடிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். நீங்கள் பீமை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் எண் மாறிவிடும், பழைய குறிப்பு எதையும் காட்டாது. ஆகவே அழித்து வரைவதைவிட டைப்பை மாற்றுவது, நகர்த்துவது நல்லது. எக்ஸ்போர்ட்டின்போது அந்த எண்ணை ரெவிட் பாராமீட்டரிலேயே பதிந்துகொள்ளும் டிக் ஒன்று அட்வான்ஸ்டு டேபில் இருக்கிறது, அதைப் போட்டுவைத்தால் பிறகு தேட வசதி.

கோப்பு வந்ததும் அனுப்பிவிடாமல், ரெவிட் அல்லாத ஒன்றில் திறந்து பாருங்கள். பிளெண்டரில் இயங்கும் பான்சாய், பிம்கொலாப் ஜூம், சொலிப்ரி எனிவேர் என்று காசில்லாமல் கிடைப்பவை இருக்கின்றன. அழகாகத் தெரிகிறதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை, அது தெரியும். இடது பக்க மரத்தை விரித்து எத்தனை தளம் என்று எண்ணுங்கள். பிராக்ஸிகளை மட்டும் காட்டச் சொல்லி அங்கே இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுவர், ஒரு ஸ்லாப், ஒரு கதவு, மூன்றையும் தொட்டு விவரங்களைப் படியுங்கள். ஆரம்பப் புள்ளியில் வைத்த அந்தச் சின்னப் பொருளின் எண்களைப் பாருங்கள். ரெவிட்டில் இருக்கும் கதவு எண்ணிக்கையும் இங்கே இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. கோப்பு தரத்தின்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க பில்டிங்ஸ்மார்ட் இணையத்தில் ஓர் இலவசச் சேவை நடத்துகிறது, பெரிய வேலைக்கு அதையும் பயன்படுத்தலாம்.

எல்லாம் சரியானதும் அந்த செட்டிங்குகளை ஒரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ரெவிட்டோடு வரும் செட்டப்புகளை மாற்ற முடியாது, ஒன்றை டூப்ளிகேட் செய்து "கிளாஷ் வாராந்திரம்", "குவான்டிட்டி" என்று பெயர் வைத்து அதில் மாற்றலாம், அதைக் கோப்பாகச் சேமித்து டீமில் இருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம், இல்லாவிட்டால் நீங்கள் லீவில் இருக்கும் வாரம் வேறொருவர் வேறு டிக்குகளோடு அனுப்புவார். கோப்போடு போகும் மெயிலில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த வியூ, எந்தப் புள்ளியை ஆதாரமாக வைத்தது, போன வாரத்திலிருந்து என்ன மாறியது. கோப்பின் பெயரை மட்டும் வாரா வாரம் மாற்றாதீர்கள், எதிராளியின் நேவிஸ்வொர்க்ஸ் அதே பெயரைத் தேடித்தான் புதுப்பித்துக்கொள்ளும். தேதியை ஃபோல்டர் பெயரில் போட்டுக்கொள்ளலாம்.